சங்கரன்கோவிலில் செய்த கிரேக்கக் கேடயங்கள்

கேடயம் செய்கிற தொழிலில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, செய்கிறவன் மேல் விழும் அடியை அது தடுக்காது என்பதுதான்.

என்னைப் போலவே வேலைக்குப் போய் நொந்தவர்களே! பழைய கிரேக்க நாட்டுப் போர்வீரர்களின் கேடயங்களை வெண்கலத்தில் அடித்துப் பிழைத்த கதையைச் சொல்வதற்கு முன், அந்தப் பட்டறைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் எழுதிப் பழகிய கை இது. எண் போடாமல் குற்றம் சாட்ட வராது.

ஒன்று: இளையரசனேந்தல் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். ஐந்து வருஷம் உழைத்தேன். மருந்து பற்றிக்கொண்டு வலது கால் முழங்காலுக்குக் கீழே வெந்தது. நியாயம் கேட்கப் போனேன். ரிஜிஸ்டரை விரித்துக் காட்டினார்கள். அதில் என் பெயரே இல்லை.

இரண்டு: ஒரு நூல் மில். அங்கே பெயர் இருந்தது, பென்சிலில். வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் அழித்திருந்தார்கள்.

மூன்று: எனக்காகப் போராடுவதாகச் சொன்ன சங்கம். அதன் மாநாட்டு நோட்டீஸில் பேச்சாளர் வரிசையில் என் பெயர் விட்டுப்போயிற்று. அச்சுப்பிழை என்றார்கள். அந்த நோட்டீஸுக்குப் பிழை பார்த்துக் கொடுத்தவனே நான்தான்.

நான்கு: சங்கரன்கோவிலில் ஒரு தறி ஷெட். ஆறே மாதம். இரண்டு நோட்டீஸ், ஒரு வாயிற்கூட்டம். அங்கேதான் முதன்முதலாக என் பெயரை மையில், தகப்பனார் பெயரோடு, பிழையில்லாமல் எழுதினார்கள். எந்த ஷெட்டிலும் வேலை தரக்கூடாதவர்கள் பட்டியலில்.

புதுப் பெயர்

வீட்டில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். கொள்கையை உலையில் போட்டுப் பொங்க முடியாது. மீசையை எடுத்தேன். திருவேங்கடம் ரோட்டில் பரமசிவம் அண்ணாச்சி பட்டறை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் நின்றேன். டவுனில் அவருக்குப் பாத்திரக்கடை. மெட்ராஸ் ஏஜென்ட் ஒருவர் மூலம் வெளிநாட்டு ஆர்டர் வந்திருந்தது. சுவரில் மாட்டுகிற அலங்காரக் கேடயம், இரண்டடி அகலம், வட்டம், நடுவில் ஒரு சின்னம். இது எழுபதுகளின் கடைசியில்.

பெயர் கேட்டார். முத்தையா என்றேன். அண்ணாச்சி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு அவர் சொன்னது இது: "சரி வே. முத்தையான்னே வச்சுக்கிடுவோம்."

களிம்பு

எங்கள் பட்டறையில் தகட்டை அடித்துச் சித்திரம் எடுப்பவர் ஆறுமுக ஆசாரி. கோயில் கவசங்கள் செய்து பேர் வாங்கியவர். மினுக்குவது கோமதி. புளியும் செங்கல் பொடியும் போட்டு அவள் தேய்த்தால் வெண்கலத்தில் தலை சீவிக்கொள்ளலாம். முதல் நாற்பது கேடயங்களையும் அப்படித்தான் தேய்த்து வரிசையாகச் சாத்தி வைத்திருந்தாள். வெயில் பட்டு, ரோட்டில் போன டவுன் பஸ் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மெட்ராஸ் ஏஜென்ட் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணில் கிடந்த மாதிரி இருக்க வேண்டுமாம். பச்சைக் களிம்பு வேண்டுமாம். உப்பையும் புளித்த மோரையும் தடவி, ஈரச் சாக்கில் சுற்றி வைக்கச் சொன்னார். களிம்பு ஏறிய பாத்திரத்தைப் பார்த்தாலே கை பரபரக்கிறவள் கோமதி. ஏஜென்ட் அந்தப் பக்கம் போனதும் சாக்கைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "களிம்போட ஒரு செம்பை வச்சதுக்கு எங்க மாமியா என்னை மூணு நாளு வீட்டை விட்டு நிப்பாட்டினா. வெள்ளைக்காரன் அதைச் சொவத்துல மாட்டிக் கும்பிடுதானாக்கும்!"

ஸ்பார்ட்டாக்காரன் மேல் வழக்கு

கழிவுக் கேடயங்கள், அதாவது ஓரம் கோணியவை, விரிசல் விட்டவை, அண்ணாச்சியின் கடையில் உள்ளூர் விற்பனைக்குப் போயின. தகடு வெட்டுவதோடு, ஒவ்வொன்றுக்கும் விளக்கச் சீட்டு எழுதும் வேலையும் எனக்கு. ஆர்டரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் சார் வாசித்து அர்த்தம் சொல்வார். நான் தமிழில் எழுதுவேன். ஆந்தை, ஏதென்ஸ் நகரத்துக்காரர்களின் தெய்வத்துக்குரிய பறவை, அறிவின் அடையாளம். நம் ஊரில் ஆந்தையை யார் வாங்குவார்கள்? அதனால் கொஞ்சம் வேகமாகவே எழுதினேன்: 'ஊரே உறங்கும்போது விழித்திருப்பது எது? ஆந்தை! விழித்தவனைக் கண்டு அஞ்சுகிறவன் யார்? சிந்திப்பீர்!' அண்ணாச்சி அந்தச் சீட்டைத் தூரத்தில் பிடித்து வாசித்தார், கிட்டத்தில் பிடித்து வாசித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுத்து நடையில் மயங்கிவிட்டார் என்று நினைத்து எனக்கு ஒரே பெருமை.

கூரை முகடு மாதிரி ஒரு சின்னம் இருந்தது. அது ஸ்பார்ட்டா வீரர்களின் நாட்டுக்கு இருந்த இன்னொரு பெயரின் முதல் எழுத்து. ஆளுக்கொரு சின்னம் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே எழுத்து. 'மேலவன் கீழவன் இல்லாத படை!' என்று எழுதிவிட்டு, ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அப்புறம் அடுத்த பக்கத்தை சார் வாசித்தார். அந்த வீரர்கள் மண்வெட்டியே தொட்டதில்லையாம். அவர்களுக்காகப் பண்ணையடிமைகள் உழுது கொட்டினார்களாம். எனக்கு ரத்தம் கொதித்தது. எல்லாச் சீட்டையும் திரும்ப வாங்கி, அடியில் அந்த அடிமைகளின் கஷ்டத்தை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதி ஒட்டினேன். அண்ணாச்சி வாசித்துவிட்டுக் கேட்டார்: "கேடயத்தை விக்கணுமா, இல்ல ஸ்பார்ட்டாக்காரன் மேல கேஸ் போடணுமா வே?"

கண் திறப்பு

இருக்கிற சின்னங்களிலேயே கஷ்டமானது ஓர் அரக்கியின் முகம். தலைமுடிக்குப் பதில் பாம்புகள், துருத்திய நாக்கு, உருட்டி விழிக்கிற கண். எதிரியைத் திகைக்க வைக்கக் கேடயத்தில் பொறித்துக்கொள்வார்களாம். புது வீட்டுக்கு முன்னால் நாம் பூசணிக்காயில் முகம் வரைந்து கட்டுகிற மாதிரிதான். ஆசாரி பாம்பு பாம்பாக அழகாக எடுத்தார். ஆனால் கண்மணியை மட்டும் கொத்தாமல் விட்டுவிட்டார். அவர் வழக்கத்தில் கண் திறப்பது கடைசி வேலை. அதற்கு நாள் பார்க்க வேண்டும், விரதம் இருக்க வேண்டும். திறந்தால் உயிர் வந்துவிடும். இந்த அரக்கிக்கு உயிர் வந்தால் யார் படையல் வைப்பது? இருபத்தைந்து குருட்டு முகங்கள் சுவரோரம் நின்றன. சரக்கு ஏற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது.

போதாததற்கு, அவள் கண்ணைப் பார்த்தவன் கல்லாகிவிடுவான் என்று புத்தகத்தில் இருந்ததை நான் உண்மை விளம்பியாக வாசித்துத் தொலைத்தேன். அப்படியென்றால் கண் திறக்கிற நானல்லவா முதல் கல் என்று ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். ஏஜென்ட் கெஞ்சினார். உளியை அவர் கையிலேயே கொடுத்தோம். அவரும் இரண்டு தரம் ஓங்கிவிட்டுக் கீழே வைத்தார். மெட்ராஸ்காரருக்கும் குடும்பம் உண்டல்லவா? கடைசியில் ஆசாரியே எழுந்து போய்த் தன் சவரக் கண்ணாடியை எடுத்துவந்தார். கோயிலில் கண் திறந்ததும் சாமிக்கு முன்னால் கண்ணாடி காட்டுவார்கள், முதல் பார்வை அதில் விழுவதற்காக. அதே மாதிரி முகத்துக்கு நேரே கண்ணாடியை நிறுத்தி, தான் பக்கவாட்டில் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் பார்த்தே இருபத்தைந்தையும் கொத்தி முடித்தார். அந்த அரக்கியை வென்ற வீரனும் நேரே பார்க்காமல், பளபளத்த கேடயத்தில் விழுந்த பிம்பத்தைப் பார்த்துத்தான் வென்றான் என்று அடுத்த வாரம் சார் வாசித்துச் சொன்னபோது ஆசாரி அசரவே இல்லை. முதல் முகத்துக்குக் கண்ணாடியைப் பிடித்தபோதே அவர் சொல்லிவிட்டார்: "அவ மொதல்ல அவளைப் பாத்துக்கிடட்டும். பெறகு நம்மளைப் பாக்க தைரியம் வராது."

உண்டியல் வாய்

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா நேரம். பனவடலிசத்திரத்து விவசாயி ஒருவர் கடையில் நாகம் பொறித்த கேடயத்தைப் பார்த்தார். அவர் வைக்கோல் படப்பில் பாம்பு குடியிருந்ததாம். யாரையும் தீண்டாமல் போனால் நாக உருவம் போடுவதாக நேர்ந்திருந்தாராம். எல்லோரும் விரல் நீளத் தகடுதான் வாங்கி உண்டியலில் போடுவார்கள். அவருக்கு மனசு பெரிசு. கிரேக்க நாட்டுச் சரக்கு என்றதோடு, சீட்டைக்கூட வாசிக்கவிடாமல் கேடயத்தைத் துண்டில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் போனார்.

ஒரு மணி நேரத்தில் வியர்த்து வடியத் திரும்பி வந்தார். கேடயம் தலையிலேயே இருந்தது. இறக்கி வைத்துவிட்டு அண்ணாச்சியிடம் நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்: "எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ள போகலய்யா. அந்த ஊர் உண்டியலுக்கெல்லாம் வாய் இம்புட்டுப் பெருசா இருக்குமோ?"

வலது கோடி

நாங்கள் கேடயத்தின் முதுகில் ஆணியில் மாட்ட ஒரு வளையம் மட்டும் வைத்திருந்தோம். ஏஜென்ட் ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் முழங்கையை நுழைக்க ஒரு பட்டை, விளிம்பில் விரல் பிடிக்க ஒரு கயிறு என்று படத்தில் இருந்தபடியே வேண்டும் என்றார். ஏன் என்று சார் வாசித்துச் சொன்னார். முழங்கை நடுவில் இருப்பதால் கேடயத்தில் பாதிதான் நம்மை மறைக்கும். மீதிப் பாதி இடப்பக்கம் நீண்டு, பக்கத்தில் நிற்கிறவனின் வலது விலாவை மறைக்கும். அவனுடைய கேடயம் அவனுக்கு அடுத்தவனை மறைக்கும். முப்பது வருஷம் மேடையில் தொண்டை கிழியச் சொன்னதை இவர்கள் ஒரு தகட்டில் சொல்லிவிட்டார்களே!

நம்பாமல் நானும் ஆசாரியும் கோமதியும் ஆளுக்கொரு கேடயத்தை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்று பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது. நான் ஆசாரியை மறைத்தேன், ஆசாரி கோமதியை மறைத்தார். கோமதிக்கு மட்டும் ஒரு சந்தேகம். வலது கோடியில் நிற்கிற என் விலா வெறுமனே தெரிகிறதே, இதை யார் மறைப்பது என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆசாரி சொல்லிவிட்டார்: "வலது கோடியில நிக்கவன் தலைவருல்லா! அவனுக்கு மாலை உண்டு, மறைப்பு கெடையாது."

கேட்க முடியாத கேள்வி

பட்டறையில் ஒன்பது பேர். ஹாஜர் ரிஜிஸ்டரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அண்ணாச்சி கடையிலேயே வைத்துக்கொண்டு அவரே குறித்துக்கொள்வார். வேறு இடமாக இருந்தால் முதல் வாரத்திலேயே 'ரிஜிஸ்டரைக் காட்டு' என்று வாசலில் நின்றிருப்பேன். இங்கே காட்டினால் என்ன இருக்கும்? முத்தையா என்று இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. இரண்டையும் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வாழ்நாளெல்லாம் கேட்ட ஒரே கேள்வியை விழுங்கிக்கொண்டு தகடு வெட்டினேன். என் முகத்தைப் பார்த்து ஒரு நாள் கோமதி கேட்டாள்: "என்னண்ணே, சொல்ல வந்ததைச் சொல்லாம சொல்லாம உங்களுக்குத் தொண்டையே வீங்கிருச்சே?"

கண்வலி

பழைய தறி ஷெட்டின் மேனேஜர் ஒரு நாள் திடீரென்று பட்டறைக்குள் வந்தார். யாருக்கோ பரிசு கொடுக்கப் பெரிய கேடயமாக வேண்டுமாம். என்னைப் பட்டியலில் ஏற்றிய புண்ணியவான் அவர்தான். ஒளிய இடமில்லை. கையில் அரக்கி இருந்தாள். தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தைத் துடைக்கிற மாதிரி நின்றேன். கைக்குப் பிடி இருந்தது, ஏஜென்ட் வாழ்க.

மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். கேடயத்துக்குப் பின்னால் யாரு, முகத்தைக் காட்டச் சொல்லும் என்று ஆசாரியிடம் சொன்னார். கோமதி புளிக் கையோடு ஓடிவந்தாள். "கிட்டப் போகாதீங்க, முத்தையா அண்ணனுக்குக் கண்வலி. பாத்தாலே ஒட்டிக்கிடும்!" மேனேஜர் நான்கடி பின்வாங்கினார். கிரேக்கர்கள் காலுக்குத் தனியாக ஏன் கவசம் போட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வாசலில் செருப்பை மாட்டியவர் குனிந்தபடியே என் வெந்த காலைப் பார்த்தார். நிமிராமலே சொன்னார்: "கண்வலிக்காரன் காலு எனக்குத் தெரிஞ்ச காலா இருக்கே!"

ஒன்பதாவது வரி

பத்தே நாளில் லேபர் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார், கையில் மொட்டைப் பெட்டிஷனோடு. முத்தையா என்ற பொய்ப் பெயரில் ஒருவன் வேலை செய்கிறான், ரிஜிஸ்டரே போலி என்று அதில் இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. எங்களுக்குத் தேவையும் இல்லை. அண்ணாச்சி ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து வைத்தார். சாட்சிக்கு எதிர்த்த டீக்கடைக்காரரையும் அரிசி மில் எழுத்தரையும் கூப்பிட்டார்கள். ஒன்பது பேரும் வரிசையாக நின்றோம். பழக்க தோஷம், நான் வலது கோடி. ஏற்றுமதிச் சரக்கு பாதி கட்டியபடி கிடந்தது. ரிஜிஸ்டர் போலி என்று ஆனால் பட்டறையைப் பூட்டிவிடுவார்கள். என் ஒருவன் பொய்யால் எட்டு வீட்டு அடுப்பும் அணையும். முப்பது வருஷம் அடுத்தவன் வேலைக்காகக் கத்தியவன் நான். இதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? ஆசாரி என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு ஓர் அடி முன்னே வந்தேன். "சார், தப்பு என்னோடது. என் பேர் முத்தையா இல்லை."

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரில் விரலை ஓட்டினார். முதல் பக்கம் வரைக்கும் புரட்டினார். "முத்தையான்னு இதுல யாருமே இல்லையே" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தீப்பெட்டி ஆபீஸ், மில், சங்கம், தறி ஷெட், இப்போது இது. ஐந்து என்று மனதுக்குள் எண் போட்டேன். அப்போது வலது பக்கத்தில் பொடி வாசனை வந்தது. அண்ணாச்சி எப்போது அங்கே வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"ஒம்பதாவது வரியை வாசிங்க சார்" என்றார். "முத்தையாங்கது நாங்க கூப்பிடுத பேரு. இந்த ஆளு தறி ஷெட்டுல இருக்கும்போது என் கடைச் சொவத்துலதான் நோட்டீஸ் ஒட்டினான். அந்தப் பசை இன்னும் போகல. கூட்டத்துல பேசும்போது முகத்தையும் பாத்திருக்கேன். மீசையை எடுத்தா தெரியாதா? போதாக்குறைக்கு ஆந்தைச் சீட்டுல 'சிந்திப்பீர்'னு எழுதுதான்."

"தெரிஞ்சுமா சேர்த்தீங்க? அதுவும் சொந்தப் பேர்லயே?"

"ரிஜிஸ்டர்ல பேரு இல்ல, ரிஜிஸ்டர்ல பேரு இல்லன்னுதான் சார் நோட்டீஸ் பூரா எழுதியிருந்தான். நானும் எழுதாம விட்டா எனக்கும் ஒண்ணு எழுதி ஒட்டுவான். சொவரு தாங்காது."

டீக்கடைக்காரர் சிரித்தார். எழுத்தரும் சிரித்தார். கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் எல்லோருக்குமே தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் பெட்டிஷனை நான்காக மடித்தார். நான் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல், மையில் குறித்திருந்த ஒன்பதாவது வரியில் விரலை வைத்து, இரண்டு சாட்சிகளும் கேட்கும்படி உரக்க வாசித்தார்: "சண்முகவேல் மகன் வெள்ளத்துரை!"

வலது கோடியில் நிற்கிறவனை மறைக்க ஆள் இல்லை என்று பிற்பாடு ஊர் ஊராக முழங்கிய நான், அன்றைக்கு அங்கே நின்று மறைத்தது ஒரு முதலாளி என்பதை மட்டும் இதுவரை எந்த நோட்டீஸிலும் எழுதவில்லை.